காப்புக் கட்டாத வருடம்

அந்த வருடங்களில் என் மனைவி வேலையால் வந்தால் முதலில் குசினித் தரையில்தான் படுப்பாள். சப்பாத்தைக் கழற்றி, மேற்சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டு, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மல்லாந்து கிடப்பாள். முழங்கால் இரண்டும் மடித்திருக்கும். அப்படிக் கிடந்தால்தான் இடுப்பில் நாரி வலி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். படுத்திருக்கிற ஆளைத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவன் நான். ஆதலால் கறி கிளறுவதற்கு மேசையைச் சுற்றி வருவேன், உப்பு எடுப்பதற்குத் திரும்பவும் சுற்றிப் போவேன்.

"தாண்டிப் போங்கோ. நான் என்ன சின்னப்பிள்ளையே, வளராமல் போறதுக்கு" என்பாள்.

அவள் ஓல்போர்க்கில் ஒரு வைத்தியசாலையில் தாதி. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஆட்களைப் பிரட்டுவது, எழுப்புவது, கதிரையில் இருத்துவது அவளுடைய வேலை. வைத்தியர் அவளுக்குப் பாரம் தூக்காத வேலை பார்க்கச் சொல்லி, முடிந்தால் சில மாதம் முழுதாக ஓய்வு எடுக்கவும் சொல்லியிருந்தார். அவளுக்கு நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. அவள் ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே வேலையைக் குறைத்திருப்பாள். என்னால்தான் குறைக்க முடியவில்லை. அவள் வேலையில் இருக்கிறாள் என்பதை வைத்துத்தான் எனக்கு அப்போது இந்த நாட்டில் விசா. என்னுடைய நிரந்தர அனுமதி வரும்வரை வீட்டில், வேலையில், சம்பளத்தில் எதையும் மாற்றாதீர்கள் என்று விசா அலுவல் தெரிந்த ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டுக்கு முதலில் வந்தவன் நான்தான். ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு உணவகத்துக்குச் சமையற்காரனாக, வேலை விசாவில் வந்தேன். படிப்பு எனக்குப் பெரிதாக இல்லை, கைப்பழக்கம் இருந்தது. அடுத்த வருடம் மனைவியும் கைக்குழந்தையாக இருந்த மகளும் என்னோடு சேர்ந்தார்கள். அப்போது அவள்தான் என் விசாவில் தொங்கிக்கொண்டு வந்தவள். ஊரில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவள் இங்கே வந்து பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டே டெனிஷ் படித்தாள். பாஷைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு படியாக ஏறி, தன் படிப்பை இங்கத்தைய ஆட்கள் ஒத்துக்கொள்ளும்படி செய்தாள். முருகன் அவளுக்கு அந்தத் தலையைக் கொடுத்தான். எனக்கு நாக்கைத்தான் கொடுத்தான், ருசி பார்க்க.

பிறகு உணவகத்து முதலாளி கடையை மூடினார். நல்ல மனிதர், நட்டம் வந்துவிட்டது. வேலை போனால் வேலை விசாவும் போகும். கடவுள் புண்ணியத்தில் அவளுக்கு ஓல்போர்க்கில் வேலை சரிவந்தது. விசா தலைகீழாகத் திரும்பியது. அவளுக்கு வேலை விசா, நான் அவளோடு கூட வந்த புருசன். என் விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டதால் வருடங்கள் அறுந்துபோகவில்லை. ஆனால் முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது கரைச்சல் என்று சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் அவளுடைய தகப்பனார் காலமானார்.

அவளால் போக முடியவில்லை. தொலைபேசியில் செத்தவீட்டைப் பார்த்தாள். தம்பி கொள்ளி வைக்கிறதைப் பார்த்தாள். கலியாணம் கட்டிய பெண்ணுக்குத் தகப்பன் வீட்டுத் துடக்கு, சாவுத் தீட்டு, சில நாள்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவள் கேட்கவில்லை. சுவாமித் தட்டுக்குத் திரை போட்டு, விளக்கு ஏற்றாமல், கோயிலுக்குப் போகாமல், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைவரை காத்தாள். "முகத்தைத்தான் பார்க்கேலாமல் போச்சு. இதையாவது அப்பாவுக்குச் செய்யிறன்" என்றாள்.

ஓல்போர்க்கில் எனக்கு ஒரு பாண் பேக்கரித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கறுப்புப் பாணை வெட்டிப் பையில் போடுகிற இயந்திரத்தடியில் நிற்பேன். சமையற்காரனுக்கு அது சமையல் இல்லை, ஆனாலும் சோற்றுக்கு வழி. விசா வேலை விசாவாக இருந்த வருடங்களும் மனைவியோடு கூட இருக்கிற வருடங்களும் சேர்த்து எண்ணப்படும் என்று அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வருடம் இருந்தது. வேலை இருந்தது. பாஷைச் சோதனையும் மூன்றாம் தரம் எழுதித் தேறிவிட்டேன். இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. இந்தச் சமூகத்தோடு கலந்து வாழ்கிறேன் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு சோதனை எழுதலாம், அல்லது ஒரு சங்கத்தின் நிர்வாகத்தில் வருடம் முழுக்க இருந்து வேலை செய்ததாக உறுதிப்படுத்தலாம். மனைவி சோதனையை எழுதி ஒரே தரத்தில் தேறினாள். எனக்குச் சோதனை என்றாலே கை வேர்க்கும். நாட்டு வரலாறு, பாராளுமன்றம், சட்டம், எல்லாம் டெனிஷில்.

எங்கள் கோயில் பழைய பண்டகசாலை ஒன்றைத் திருத்திக் கட்டியது. ஓல்போர்க்கில் இருந்து காரில் போனால் நன்றாக நேரம் எடுக்கும். முருகன் கோயில். அன்னதானக் குசினியில் நான் வருடக்கணக்காக நிற்கிறவன். அதைப் பார்த்துத்தான் கோயில் நிர்வாக சபைத் தலைவர் ஒருநாள் சொன்னார்.

"தம்பி, நீ ஏன் சோதனையெண்டு பயப்பிடுறாய். சபைக்கு வா. அன்னதானப் பொறுப்பை எடு. ஒரு வருசம் முடியக் கடதாசி நான் தாறன்."

குசினியில் என்னோடு மரக்கறி வெட்டுகிற கூட்டாளி ஒருவர் உண்டு. ஹொல்ஸ்டெப்ரோக் காலத்துப் பழக்கம். வாய் அடங்காதவர். அவர் கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "உவர் ஏற்கனவே மனுசியின்ர விசாவில இருக்கிறார். இனி முருகன்ர விசாவிலயும் இருக்கப் போறாராம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சொல் எனக்கு உள்ளே குத்தாமல் இல்லை.

நான் சபையில் சேர்ந்தேன். கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போனேன். அரிசி, பருப்பு எங்கே மலிவு, எந்தக் குடும்பம் எந்த நாள் உபயம், யார் சட்டி கழுவுவது என்று எல்லாம் என் தலையில். கூட்டத்தில் வாய் திறந்து பேசவும் பழகினேன். மனைவி அந்த நாட்களில் இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். "இன்னும் கொஞ்சம்தானே" என்று சொல்லிச் சொல்லி நாளை ஓட்டினோம்.

கோடைத் திருவிழா தொடங்க இன்னும் ஒரு கிழமை இருந்தது. கனடாவில் இருந்து அழைப்பு வந்தது. என் அப்பாவின் கடைசித் தம்பி, எங்கள் சித்தப்பா, போய்விட்டார்.

சித்தப்பாவை என் கலியாணத்தில் கண்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு வருடப்பிறப்புக்கு ஒரு தரம் கதைப்போம். ஆனால் அவர் எங்கள் இரத்தம், பங்காளித் துடக்கு. அந்தியேட்டி முடியும்வரை நான் கோயில் வாசலை மிதிக்க ஏலாது. எங்கள் கோயிலில் திருவிழாவுக்கு முதல் நாள் சபைக்காரர் எல்லோரும் ஐயரிடம் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர்தான் திருவிழாவில் பொறுப்பு எடுக்கலாம். துடக்கு வந்தவர் தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். அவருக்குப் பதிலாகக் காப்புக் கட்டியவர் அடுத்த பொதுக்கூட்டம்வரை சபையில் இருப்பார். அது நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒழுங்கு. நான் விலகினால் என் வருடம் முடியாமலே போகும். இரண்டு மாதம் போல் குறையும்.

கூட்டாளி தொலைபேசியில் சொன்னார்: "டேய், கனடாவில செத்த மனுசன் இஞ்ச வந்து பாக்கப் போறாரே? நீ ஒருத்தருக்கும் சொல்லாமல் காப்பைக் கட்டு."

"முருகனுக்குத் தெரியாதோ" என்றேன்.

"முருகனுக்கு உன்ர விசா நிலைமையும் தெரியும்."

அவர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. எழுதும்போது பொய் சொல்லக் கூடாது. அன்று முழுக்க நான் அதையே யோசித்தேன். சித்தப்பாவின் பிள்ளைகளே கனடாவில் மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பின்னேரம் மனைவி வந்து வழக்கம்போலத் தரையில் படுத்தாள். நான் மேசைக் கரையில் நின்றுகொண்டு கேட்டேன்.

"என்னப்பா செய்வம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் கதைத்தாள். "என்ர அப்பாவுக்கு நான் காத்தன். ஏன் காத்தனான்? விசாவால போகேலாமல் போச்சு எண்டு. இப்ப விசாவுக்காக உங்கட சித்தப்பாவுக்குக் காக்காமல் விட்டால், நான் அண்டைக்குக் காத்ததும் பொய்யாப் போகும்."

"உன்ர நாரி?"

"நாரி என்ர. அதை நான் பாக்கிறன்."

நான் போய்ச் சுவாமித் தட்டுக்குத் திரையை இழுத்துவிட்டேன். தலைவருக்கு அழைத்து விலகுகிறேன் என்று சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு சொன்னார், தன்னுடைய நல்ல மனத்தால்தான் சொன்னார்:

"சரி தம்பி, ஒழுங்கு ஒழுங்குதான். ஆனால் கடதாசியில நான் முழு வருசமெண்டே எழுதித் தாறன். சின்ன விசயம். ஆர் வந்து எண்ணப் போகினம்."

அந்தக் கடதாசியின் தலையில் வேலும் மயிலும் இருக்கும். அடியில் கோயில் முத்திரை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பாண் இயந்திரத்தடியில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கடதாசிதான் கண்ணில் வந்தது. ஒரு பக்கம் அந்தக் கடதாசி. மறு பக்கம் என் மனைவி, யாரோ ஒரு பாரமான கிழவரைக் கட்டிலில் பிரட்டிக்கொண்டு. துடக்கைக் காத்தது அவளுடைய சொல். பொய்க் கடதாசியை வாங்காமல் விடுவது என்னுடைய சொல்லாக இருக்கும், ஆனால் அதன் பாரமும் அவள் முதுகில்தான் ஏறும். இதை நினைக்க எனக்கு வேலையில் நின்றே கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற டெனிஷ்காரர் மா கண்ணில் பட்டதாக்கும் என்று துடைக்கக் கடதாசித் துண்டு தந்தார்.

கடைசியில் அவளிடமே கேட்டேன். தலைவர் சொன்னதைச் சொன்னேன்.

"முருகன்ர முத்திரை குத்தின கடதாசியில பொய் எழுதி, அதை நீங்கள் கொண்டுபோய்க் குடுத்து, விசா எடுத்து, பேந்து அதே முருகனட்டப் போய் எப்பிடிக் கும்பிடுறது?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "சோதனைக்குப் பயத்தில தானே உவ்வளவும். எழுதுங்கோ. பெயில் விட்டால் நான் அடிக்க மாட்டன்."

சோதனை வருடத்தில் இரண்டு தரம்தான் வைப்பார்கள். கோடைச் சோதனை போய்விட்டது. குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விண்ணப்பம், அதற்குப் பிறகு முடிவு.

மகள்தான் எனக்கு வாத்தியார். அவளுக்கு நாங்கள் தமிழில் கதைத்தால் விளங்கும், பதில் டெனிஷில்தான் வரும். கட்டிலில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்பாள். நான் உடுப்பு மடித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

"அரசருக்கு என்ன அதிகாரம்?" என்று டெனிஷில் கேட்டாள் ஒருநாள்.

"சட்டத்துக்குக் கையெழுத்துப் போடுறது."

"மாட்டன் எண்டு சொல்லலாமோ?" இது தமிழில் வந்தது, என்னை மடக்குவதற்காக.

"சொல்ல ஏலாது. எங்கட கோயில் தலைவர் அண்ணை மாதிரி, நீட்டினால் போட வேண்டியதுதான்."

குசினித் தரையில் இருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்ததும் வலித்திருக்க வேண்டும், உடனே நின்றுவிட்டது.

சோதனைக்கு நெற்றி நிறையத் திருநீற்றோடு போனேன். பாஷைப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எத்தனையோ நாட்டு ஆட்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் ஒரு சின்னச் சிலுவையைக் கைக்குள் பொத்திக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் ஒரே பயம்தான் என்று நினைத்தபோது கை வேர்ப்பது கொஞ்சம் குறைந்தது. தெரியாத கேள்விகளுக்கு முருகா என்று சொல்லிப் புள்ளடி போட்டேன். தேறிவிட்டேன். மட்டுமட்டாக, கரையில் கொண்டுபோய் விட்டதுபோலத்தான், ஆனாலும் தேறினேன்.

விண்ணப்பத்தைக் கொடுத்த அன்று மனைவி நேர்த்தி வைத்தாள். எனக்கு அனுமதி வந்தால் திருவிழாவில் அடியழிப்பதாக. அடியழிப்பது எங்கள் பெண்கள் செய்கிற நேர்த்தி. சுவாமி வீதி சுற்றும்போது பின்னால், விழுந்து கும்பிட்டு, எழும்பி, இரண்டடி வைத்து, மறுபடியும் விழுந்து, வீதி முழுக்கச் சுற்றி வருவது.

"உந்த நாரியோடயோ" என்றேன்.

"அதுக்குள்ள மாறிடும்."

மாறவில்லை. காத்திருந்த அந்தக் காலத்தில் இன்னொரு திருவிழாவும் வந்து போனது. அதற்குப் பிறகு வந்த மாரியில் ஒரு பெரிய உடம்புக்கார நோயாளி குளியலறையில் கால் வழுக்கி அவள் மேல் சாய்ந்தார். அவள் அவரை விழவிடவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு ஒன்று விலகிவிட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். சுகயீன விடுப்பு முடிந்ததும் திரும்பவும் அதே வேலைக்குப் போனாள். நான் தடுத்தேன். எங்களுக்குள் சண்டை வந்தது. "விசா வராட்டிப் போகட்டும், ஊருக்குப் போவம்" என்று ஒருநாள் கத்தினேன். மகள் அறைக்கதவைத் திறந்து டெனிஷில், "எந்த ஊருக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் அப்படிக் கதைக்கவில்லை.

அனுமதி ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது. தொலைபேசியில் அரசாங்கத் தபால் என்று ஒரு சின்ன மணி. நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். மனைவி தரையில். எனக்குப் பயத்தில் எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை, தொலைபேசியைக் குனிந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் படுத்தபடியே வாசித்தாள். மேலே இருந்து கீழே ஒரு தரம், திரும்பவும் ஒரு தரம்.

"கிடைச்சிட்டுது" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் தரையில் இருந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

அடுத்த நாளே அவள் தன் பொறுப்பாளரிடம் கதைத்தாள். இப்போது தொலைபேசியில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலை, அரைநேரம். நின்று கொஞ்சம், இருந்து கொஞ்சம். ஆனால் வைத்தியர் சொல்லிவிட்டார், இனிக் குனிவது, விழுந்து எழும்புவது எல்லாம் இல்லை. முன்பே ஓய்வு எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். அதை நான் இன்னும் முருகனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். துடக்கைக் காத்தது பிழை என்று என் வாயால் வராது. காத்ததற்கு அவளிடம் இருந்து இவ்வளவு எடுத்திருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இந்த வருடத் திருவிழாவில் அவளுடைய நேர்த்தி நிலுவையில் நின்றது. அவளால் முடியாது. ஐயரிடம் போய்க் கேட்டேன்.

"அவவின்ர நேர்த்தியை நான் செய்யலாமோ, ஐயா?"

"ஆம்பிளையள் பிரதட்டை செய்யிறதுதானே, உருண்டு."

"அவ வைச்சது அடியழிக்கிற நேர்த்தி. வைச்சபடியே செய்யவேணும்."

ஐயர் என்னைப் பார்த்தார். "செய்யுங்கோ" என்றார்.

சுவாமி வெளிவீதி வந்தது. வீதி என்றால் கோயிலைச் சுற்றி இருக்கிற கார் நிறுத்துகிற தார்த்தரை. முன்னால் ஆண்கள் உருண்டார்கள். பின்னால் பெண்கள் வரிசையில், கடைசி ஆளாக, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் விழுந்தேன். தார் சுட்டது. முன்னால் அடியழித்த ஒரு அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். வேலிக் கரையில் நின்ற என் கூட்டாளி சும்மா இருக்கவில்லை.

"மனுசியின்ர விசாவில இருந்தார். இப்ப சொந்த விசா வந்தும் மனுசியின்ர நேர்த்தியில நிக்கிறார்."

இந்தத் தரம் அது எனக்குக் குத்தவில்லை. விழுந்து கிடந்தபடியே, "ஓம், அதுக்கென்ன" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு எனக்குப் பக்கத்தால் நடக்கத் தொடங்கினார்.

என் மற்றப் பக்கத்தால் அவள் நடந்தாள். ஒரு கை நாரியில். மற்றக் கையில் கற்பூரத்தட்டு. கோயிலின் பின்மூலை திரும்பும்போது எனக்கு முழங்கால் தோல் உரிந்து, மூச்சு வாங்கியது. எழும்ப நேரம் எடுத்தது.

"காணும், மிச்சத்தை நான் நடந்து முடிக்கிறன். முருகன் கோவிக்க மாட்டார்" என்றாள்.

"நீ வைச்சது முழு வீதி" என்றேன்.

நான் அடுத்த தரம் விழும்போது, நான் விழப்போகிற இடத்தில் கிடந்த சிறு கற்களைக் குனிய முடியாமல் தன் காலாலேயே ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.